செஞ்சிக் கோட்டையும் கணிப்பொறியின் திறவுகோலும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், செஞ்சியை நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது வழக்கம். பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்தாற்போன்ற மூன்று குன்றுகள் அங்கே எழுந்து நிற்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றையும் வளைத்து மதில் எழுப்பி ஒரே கோட்டையாக்கிய முன்னோரின் உழைப்பை எண்ணினால் இன்றும் வியப்புத் தோன்றும். மூன்றனுள் உயர்ந்ததான ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியரின் படையரண்கள் பன்னிரண்டினை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி.

இக்கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் மதிலின் அகலத்தையும் பீரங்கியின் நீளத்தையுமே அளந்து பார்த்துத் திரும்புகின்றனர். ஆனால் ஒரு கோட்டையின் வலிமையை அறிய வேண்டுமாயின் வேறு இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். உள்ளே இருப்போர் உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் எங்கிருந்து வருகின்றன என்பது முதல் வினா. கடைசி வாயிலின் திறவுகோல் யார் கையில் இருக்கின்றது என்பது இரண்டாம் வினா. செஞ்சியைக் கட்டியோர் இவ்விரண்டையும் நன்கு சிந்தித்திருக்கின்றனர். பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அடிவாரத்தில் குளங்கள் உண்டு. மலையின் மேலும் நீர்நிலைகள் உண்டு. கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்கு மண்குழாய் வழியே நீரைக் கொண்டு சென்றிருக்கின்றனர். ராஜகிரியின் உச்சியை அடையுமுன் இயற்கையாகவே அமைந்த ஆழமான பிளவொன்று குறுக்கிடும். அதன்மீது முற்காலத்தில் மரப்பாலம் ஒன்று இருந்தது. பாலத்தை உள்ளிருப்போர் விலக்கிவிட்டால், கீழ் மதில்கள் அனைத்தையும் வென்றுவந்த பகைவனும் அப்பிளவின் விளிம்பில் நின்றுவிட வேண்டியதுதான்.

இதன் பயனை வரலாறு காட்டுகின்றது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைப் பிஜப்பூர்ச் சுல்தானியத்திடமிருந்து கைப்பற்றி, புதிய அரண்களை எழுப்பி வலிமைப்படுத்தினார். அவருடைய மைந்தர் ராஜாராம் இங்கு வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். முகலாயரிடம் ஆள்வலிமை இருந்தது; பீரங்கி இருந்தது; பேரரசின் செல்வம் இருந்தது. ஆயினும் அவர்களுடைய உணவு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. மராத்தியக் குதிரைப் படையினர் அவ்வழிகளைத் துண்டித்தபோது, முற்றுகையிட வந்த படையே முற்றுகைக்கு உட்பட்டதுபோல் பட்டினியால் வாடியது. 1693இல் அப்படை பின்வாங்கி வந்தவாசிக்குச் செல்ல நேர்ந்தது. முகலாயர் மீண்டும் வந்து கோட்டையைப் பிடித்தது 1698இல்தான். இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதே கோட்டை 1750ஆம் ஆண்டு செப்டம்பரில், புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் தாக்குதலுக்கு ஒரே இரவில் வீழ்ந்தது. நெற்களஞ்சியமும் குளமும் மலையும் பழைய இடத்திலேயே இருந்தன. ஆனால் ஐரோப்பியரின் படைக்கலமும் போர்ப் பயிற்சியும் புதியனவாக வந்திருந்தன. தன்னிறைவு இல்லாத வலிமை 1693இல் தோற்றது. காலத்துக்கு ஏற்ற வலிமை இல்லாத தன்னிறைவு 1750இல் தோற்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். இன்று நான் பேச வந்த பொருளுக்கு இவையே வாயில்.

நம் காலத்தின் கோட்டை கணிப்பொறி. நம் கடிதங்களும் கணக்குகளும் அதனுள் இருக்கின்றன. மருத்துவமனையின் குறிப்பேடும் அரசின் ஆவணமும் மாணவனின் மதிப்பெண்ணும் அதனுள்ளேயே இருக்கின்றன. இக்கோட்டைக்கும் பல மதில்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் வெளியே, நாம் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுக்கு உள்ளே, அவற்றை ஆளும் இயங்குதளம் உள்ளது. அடியில் இருப்பது சில்லுகளாலும் கம்பிகளாலும் ஆகிய வன்பொருள். இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே, பலர் பெயரும் அறியாத ஓர் அடுக்கு உண்டு. அதனை ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் என்பர். தமிழில் நிலைப்பொருள் எனலாம். கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் முதலில் கண்விழிப்பது இதுவே. நினைவகத்தை எழுப்புவதும், வட்டினைச் சுழற்றுவதும், பிறகு இயங்குதளத்தை அழைத்து ஆட்சியை ஒப்படைப்பதும் இதன் பணி. கம்பியில்லா இணைப்புத் தரும் சிறு அட்டைக்குள்ளும், படங்களை வரையும் அட்டைக்குள்ளும் தனித்தனி நிலைப்பொருள்கள் உண்டு. ராஜகிரியின் உச்சியிலுள்ள அந்த மரப்பாலத்தைப் போன்றது இவ்வடுக்கு. இதனை ஆள்பவனே கோட்டையை ஆள்பவன்.

மதில்களை மக்களுடைமையாக்க வேண்டும் என்னும் முயற்சியின் வரலாற்றை இனிச் சுருக்கமாகக் காண்போம். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் இளைஞர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் அச்செடுக்கக் காத்திருப்போருக்குச் செய்தி செல்லுமாறு அதன் நிரலில் அவர் ஒரு திருத்தம் செய்திருந்தார். பின்னர் வந்த புதிய அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. மூல நிரல் என்பது மனிதர் படித்துப் பொருள் கொள்ளத்தக்க வடிவில் எழுதப்பட்ட நிரல். அது கையில் இல்லாதவர், பொறி செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமேயன்றி, அது ஏன் அவ்வாறு செய்கின்றது என அறியவும் இயலாது, திருத்தவும் இயலாது.

இத்தகைய தடைகள் பெருகுவதைக் கண்ட ஸ்டால்மன், 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எவரும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளை உடையதே கட்டற்ற மென்பொருள். அவ்வுரிமைகளைக் காக்கும் பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

இவ்வியக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. நடுவண் அரசின் நிறுவனமாகிய சி-டாக், சென்னையிலுள்ள தன் மையத்தில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை இந்திய மொழிகளுக்கென உருவாக்கியது. 2007ஆம் ஆண்டளவில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸைத் தன் அலுவலகத்தில் நடைமுறைப்படுத்தியது. 2012இல் தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ், இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே எழுதி வழங்கி வருகின்றது. செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, குனூ லினக்ஸ் பயனர் குழு ஒன்று நாட்டுப்புற மாணவர்களுக்கு இக்கலையைக் கற்பித்து வருகின்றது. ஆசிரியப் பணியில் ஆயுளைக் கழித்த எனக்கு, இதனினும் மகிழ்ச்சி தரும் செய்தி வேறில்லை.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. அதனை நான் நேரில் கண்டேன். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு நூலகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய கணிப்பொறிகளில், மாணவர் சிலர் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினர். எழுத்துகள் தெளிவாகத் தோன்றின. தமிழ்த் தட்டச்சும் ஒழுங்காக அமைந்தது. ஆனால் கம்பியில்லா இணைப்பு மட்டும் எழவில்லை. அட்டையில் பழுது ஏதும் இல்லை; அதனை இயக்கும் நிலைப்பொருள் தனியுடைமையாதலின், அந்த இயங்குதளத்துடன் அது வரவில்லை. ‘ஐயா, எல்லாம் நம்முடையது என்றீர்களே, இது மட்டும் யாருடையது?’ என்று ஒரு மாணவன் கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

விடை இதுதான். பழங்காலத்து நிலைப்பொருள் மாற்ற இயலாதவாறு சில்லுக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. அது கல்வெட்டைப் போன்றது; செய்தவரும் அதனை மாற்ற முடியாது. பிற்காலத்தில் நிலைப்பொருளைத் திருத்தி எழுதும் வசதி ஏற்பட்டது. குறைகளைப் பின்னர் நீக்கிக்கொள்ள இஃது உதவியது. ஆனால் திருத்தும் உரிமை பொறியை வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. மூல நிரலை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. பல பொறிகளில், நிறுவனத்தின் மறைமொழி முத்திரை இல்லாத நிலைப்பொருளை வன்பொருள் ஏற்றுக்கொள்ளவே மறுக்கும்படியும் அமைத்துவிட்டனர். வீட்டை விலை கொடுத்து வாங்கியவர் உள்ளறையின் பூட்டை மாற்ற முடியாது. விற்றவரோ எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். இதுவே இன்றைய நிலை.

இதன் விளைவு யாது? 2008ஆம் ஆண்டளவிலிருந்து வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் ‘மேலாண்மை எஞ்சின்’ என்னும் தனிப் பகுதி ஒன்று அமைந்துள்ளது. முதன்மைச் செயலிக்குத் தெரியாமலேயே இயங்கவல்ல சிறு கணிப்பொறி அது. அதனோடு இணைந்த தொலைநிலை நிருவாக வசதியில் பெருங்குறை ஒன்று இருப்பதை 2017 மே திங்களில் அந்நிறுவனமே அறிவித்தது. பல ஆண்டுகளாக விற்பனையான பொறிகளில் அக்குறை கண்டறியப்படாமலே இருந்துவந்தது. அதே ஆண்டில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. அப்பகுதிக்குள் இயங்குவது மினிக்ஸ் என்னும் இயங்குதளம் என்று ஆய்வாளர் கண்டனர். மினிக்ஸ், ஆண்ட்ரூ டானென்பாம் என்னும் பேராசிரியர் மாணவர் கற்பதற்கென எழுதியது. லினஸ் டோர்வால்ட்ஸ் பயின்றதும் அதனையே. தாம் எழுதிய நிரல் இத்தனை கோடிக் கணிப்பொறிகளின் உள்ளறையில் இயங்குகின்றது என்பது பேராசிரியருக்கே அப்போதுதான் தெரியவந்தது. எவரும் படிக்கலாம் என்று வெளியிட்ட நிரல், எவரும் படிக்க முடியாத அறைக்குள் சென்று அமர்ந்துவிட்டது.

‘அப்படியாயின், இத்தகைய பகுதி இல்லாத பழைய பொறிகளையே பயன்படுத்தலாமே’ என்று சிலர் கூறுவர். அவ்வாறு செய்தோரும் உளர். 2008இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்200 என்னும் மடிக்கணினியில், அம்மேலாண்மைப் பகுதியின் நிரலை அகற்றிவிட்டு, கட்டற்ற நிலைப்பொருளை இட முடிந்தது. அவ்வாறு மாற்றியமைத்து விற்கப்பட்ட பொறிக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2015இல் நற்சான்று வழங்கியது. கடிதம் எழுதவும் நூல் படிக்கவும் அது போதும். ஆனால் மென்பொருளை ஆக்குவோருக்கு அது போதுமா என்பதே வினா.

மென்பொருளைப் பயன்படுத்துவோன் உண்போனைப் போன்றவன். ஆக்குவோன் சமைப்போனைப் போன்றவன். உண்பதற்கு ஓர் இலை போதும். ஊருக்குச் சமைப்பதற்குப் பெரிய அடுப்பும் அண்டாவும் வேண்டும். மனிதர் எழுதிய மூல நிரலைப் பொறி அறியும் மொழிக்கு மாற்றும் வேலையைத் தொகுத்தல் என்பர். லினக்ஸ் கருநிரல் மட்டுமே மூன்று கோடிக்கு மேற்பட்ட வரிகளை உடையது. இணைய உலாவியும் அதற்கு இளைத்ததன்று. இத்தகைய நிரலில் ஒரு திருத்தம் செய்தவர், அதனைத் தொகுத்து இயக்கிப் பார்க்க வேண்டும். பிழை கண்டால் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். இந்த வட்டம் நாளொன்றுக்குப் பலமுறை சுழல்வது. வலிய பொறியில் சில நிமிடங்களில் முடிவது, பழைய மடிக்கணினியில் பல மணி நேரத்தை விழுங்கிவிடும். காலையில் செய்த பிழையை மாலையில் அறியும் மாணவன் எத்தனை பாடங்களைக் கற்பான்? அவனோடு போட்டியிடும் நிறுவனமோ ஆயிரக்கணக்கான வலிய பொறிகளைக் கொண்டு வேலை செய்கின்றது. இது 1750இன் செஞ்சியின் நிலை: குளமும் களஞ்சியமும் நம்முடையன, படைக்கலமோ பழையது.

மறுபுறம், வலிமையை நாடிப் புதிய பொறியை வாங்குவோர் 1693இன் முகலாயப் படையின் நிலையை அடைகின்றனர். ஆற்றல் மிகுதியாக இருக்கின்றது. ஆனால் அந்த ஆற்றலின் வழி பிறர் கையில் இருக்கின்றது. பொறி செய்த நிறுவனம் திருத்தங்களை நிறுத்திவிட்டால், குறை தெரிந்தும் நீக்க இயலாது. நல்ல வன்பொருளும் காலத்துக்கு முன்பே குப்பைக்குச் செல்லும். இந்த இக்கட்டு வெறுங்கற்பனையன்று. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் திட்டம் கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதி வாய்ந்தது; நம் பாஸ் லினக்ஸுக்கும் அதுவே அடிப்படை. அத்திட்டத்தினர் 2022இல் தம்முள் வாக்கெடுப்பு நடத்தி, தனியுடைமை நிலைப்பொருளையும் தம் நிறுவல் தட்டில் சேர்த்து வழங்க முடிவு செய்தனர். 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் அவ்வாறே நடக்கின்றது. இதற்காக அவர்களைப் பழிப்பது முறையன்று. அதனைச் சேர்க்காவிடில் பெரும்பாலான புதிய பொறிகளில் திரையோ இணைப்போ செவ்வனே எழுவதில்லை. கொள்கையில் உறுதியுடையோரும் இங்ஙனம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது எதனால் என்று ஆராய்ந்தால், வலிமையும் உரிமையும் ஒருங்கே உடைய வன்பொருள் சந்தையில் அரிதாயிருப்பதே காரணம் என்பது விளங்கும்.

இக்குறையை நீக்க முயன்றோர் உண்டு. 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், லினக்ஸ்பயாஸ் என்னும் கட்டற்ற நிலைப்பொருள் திட்டம் தோன்றியது. பல கணிப்பொறிகளை ஒருங்கே இயக்கும் ஆய்வாளர்க்கு அவற்றைத் தாமே விரைவில் எழுப்பும் தேவை இருந்தது. பின்னர் அது கோர்பூட் எனப் பெயர் பெற்றது. அடுத்து, ஐபிஎம் நிறுவனத்தின் பவர்9 என்னும் வலிய செயலியைக் கொண்டு, ராப்டர் என்னும் சிறு நிறுவனம் டாலோஸ்-2 என்னும் கணிப்பொறிப் பலகையை 2018இல் வழங்கத் தொடங்கியது. அதன் நிலைப்பொருளை வாங்கியவரே படித்துத் திருத்திக்கொள்ளலாம். 2019இல் அதற்கு அறக்கட்டளையின் நற்சான்றும் கிடைத்தது. வலிமையும் உரிமையும் ஒருங்கே அமைதல் இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் அதன் விலை சில ஆயிரம் டாலர். நம் ஊர்ப் பள்ளிகளுக்கு எட்டாத உயரம். அடுத்து வந்த பவர்10 செயலியின் காலத்தில், நினைவகம் சார்ந்த சில நிலைப்பொருள்கள் திறக்கப்படாமல் போயின. ஆகவே ஒருவருடைய நல்லெண்ணத்தால் திறந்த கதவு, மற்றொரு நாள் மூடிவிடவும் கூடும்.

இதனின்றும் பெற வேண்டிய பாடம் யாது? திறவுகோலைப் பிறர் கொடுப்பதினும், கதவையே நாம் செய்யக் கற்பது உறுதியானது. இவ்வுண்மையை நம் நாடு ஒருமுறை பட்டறிந்தது. 1980களின் பிற்பகுதியில் வலிய மீத்திறன் கணிப்பொறி ஒன்றை நமக்கு விற்க அமெரிக்கா மறுத்தது. அதனினும் ஆற்றல் குறைந்த ஒன்றனையே வானிலை ஆய்வுக்கெனத் தந்தது. அதன்பின் 1988இல் சி-டாக் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணிப்பொறி உருவாகியது. ஆனால் அதன் உயிர்நிலையாகிய செயலிச் சில்லுகள் இங்கிலாந்தில் உருவானவை. கோட்டையை நாம் கட்டினோம். நீர் அயலூரிலிருந்தே வந்தது.

அடுத்த படி சென்னையில் நிகழ்ந்தது. செயலி ஒவ்வொன்றுக்கும் அது புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுதி ஒன்று உண்டு. அத்தொகுதியைப் பயன்படுத்தி வேறொருவர் செயலி செய்ய வேண்டுமாயின், உரிமையாளரின் இசைவு தேவை. 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை வகுத்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியும் அவர்தம் மாணவரும் சக்தி என்னும் செயலி வரிசையை உருவாக்கினர். 2018இல் அச்சில்லுகள் உருப்பெற்று, லினக்ஸ் அவற்றில் இயங்கியது. ஒருவகைச் சில்லு அமெரிக்காவில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டது. மற்றொன்று நம் நாட்டிலேயே, மோஹாலியிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டது. இச்செயலியின் வடிவமைப்பே எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டிருப்பது நாம் முதன்மையாகக் கருதத்தக்கது. 2022இல் நடுவண் அரசு இத்துறைக்கெனத் தனித்திட்டம் ஒன்றை அறிவித்தது. 2025 பிப்ரவரியில், விண்வெளிப் பணிக்குரிய சக்திச் சில்லு ஒன்றை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் ஐ.ஐ.டி.யும் இணைந்து உருவாக்கி இயக்கிக் காட்டின.

பெருமிதம் கொள்ளலாம்; மிகைப்படுத்தலாகாது. 180 நானோமீட்டர் என்பது உலகின் முன்னணி ஆலைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்ட அளவு. கருவிகளையும் விண்கலங்களையும் ஆள அது தக்கது. மூன்று கோடி வரிகளை விரைந்து தொகுக்கும் வலிமை அதற்கு இல்லை. மேலும், கட்டளைத் தொகுதி திறந்ததாயின் சில்லு முழுதும் திறந்ததாகிவிடும் என்று கருதுவதும் பிழை. திறந்த கட்டளைத் தொகுதியைக் கொண்டு மூடிய செயலியை ஒருவர் செய்யலாம். செயலி திறந்ததாயினும், நினைவகத்தை எழுப்பும் பகுதியும் படம் வரையும் பகுதியும் மூடியனவாக இருக்கலாம். பிளவின்மேல் உள்ள பாலம் நம்முடையதாகவே இருந்தும், பக்கத்தில் ஒரு திட்டிவாயில் பிறருடையதாயின் காவல் நிறைவு பெறாது.

இங்கே ஒரு மறுப்பினையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். ‘நிலைப்பொருளை எவரும் மாற்றலாம் என்றால், திருடனும் மாற்றிவிடுவானே; முத்திரைப் பூட்டு பாதுகாப்புக்காகவன்றோ?’ என்று நிறுவனத்தார் வினவுகின்றனர். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. பூட்டு வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. செஞ்சியைக் கட்டியோரும் வாயிலைத் திறந்து வைத்துவிட்டு உறங்கவில்லை. திறவுகோல் வீட்டுக்கு உடையவரிடம் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. முத்திரையைச் சரிபார்க்கும் முறையை வைத்துக்கொண்டே, எந்த முத்திரையை ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமையைப் பொறியின் உரிமையாளருக்கு அளிக்கலாம். அவ்வாறு அளிக்கும் பொறிகள் இன்றும் சில உள்ளன. ஆதலின் பாதுகாப்பும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மாணவர்களே! வலிய, கட்டற்ற வன்பொருள் ஒரு நாளில் வந்துவிடாது. சில்லு வார்க்கும் ஆலைக்குப் பெரும் பொருள் வேண்டும். அஃது அரசுகளின் பொறுப்பு. ஆனால் நீங்கள் செய்யத்தக்கனவும் உண்டு. பள்ளிக்கோ கல்லூரிக்கோ கணிப்பொறி வாங்கும்போது, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய நிலைப்பொருள் யாருடையது என்று கேட்கப் பழகுங்கள். கேட்போர் பெருகினால் விற்போர் விடை சொல்லியே தீர வேண்டும். நிரலாக்கம் பயில்வோர் மேல் மதிலோடு நின்றுவிடாமல், கோர்பூட் போன்ற திட்டங்களின் மூல நிரலைத் திறந்து படியுங்கள். மின்னணுவியல் பயில்வோர் சக்தியின் வடிவமைப்பைப் படியுங்கள். பூட்டப்பட்ட பொறியில் மேலேயுள்ளதை மட்டுமே கற்க முடியும். திறந்த பொறியில் அடிவரை கற்கலாம். அடிவரை கற்ற தலைமுறை ஒன்று எழாதவரை, எத்துணைப் பொருள் செலவிட்டும் பயனில்லை.

செஞ்சிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் ராஜகிரியின் உச்சிவரை ஏறுங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுவது நன்று. உச்சிக்குச் சற்று முன்னே அந்தப் பிளவு வரும். அதன் ஓரத்தில் நின்று, இவ்விடத்துப் பாலம் அக்காலத்தில் யார் கையில் இருந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பின்னர் வீடு திரும்பிக் கணிப்பொறியின் விசையை அழுத்தும்போது, அந்நூலகத்து மாணவன் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். எல்லாம் நம்முடையது என்கிறோமே, இது மட்டும் யாருடையது?